முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுப்பதற்கு முன் எனக்கு யாரும் சொல்லாதவை

ஸ்கேன் அறை வாசலில் தாலியைக் கழற்றச் சொல்வார்கள் என்று யாராவது எனக்கு முதல் நாளே சொல்லியிருக்கலாம். 22 வருஷமாகக் கழுத்தை விட்டு இறங்காத தாலி. பிரசவத்தின்போதுகூடக் கழற்றவில்லை. அதை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு லாக்கரில் வைத்துப் பூட்டினேன். சாவியையும் உள்ளே கொண்டுபோகக் கூடாது என்றார்கள். வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்த, முன்பின் தெரியாத ஒரு மராத்திப் பெண்ணிடம் அதைக் கொடுத்துவிட்டு உள்ளே போனேன். கூட வர ஆள் இல்லை. வீட்டுக்காரர் பஹ்ரைனில் இருக்கிறார், பையன் கோயம்புத்தூரில் ஹாஸ்டலில் படிக்கிறான், நான் மும்பை செம்பூரில் தனியாக இருக்கிறேன். மேஜையில் படுத்ததும் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்து காதுக்குள் போனது. அது முட்டி வலியால் வந்த அழுகை இல்லை. முன்கூட்டியே தெரிந்திருந்தால் வீட்டிலேயே சாமி படத்துக்கு முன்னால் கழற்றி வைத்துவிட்டு, மஞ்சள் கயிற்றில் ஒரு விரலி மஞ்சளைக் கட்டிப் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போயிருப்பேன். இரண்டாவது முறை அப்படித்தான் போனேன். ஆமாம், ஒரே முட்டிக்கு இரண்டு முறை எம்.ஆர்.ஐ. எடுத்தேன். அந்தக் கதையைத்தான் சொல்லப்போகிறேன்.

ஜூலை இரண்டாவது வாரம், செவ்வாய்க்கிழமை சாயங்காலம். எனக்கு ஃபோர்ட்டில் அலுவலகம், கணக்குப் பிரிவில் வேலை. சி.எஸ்.எம்.டி. ரயில் நிலையத்திலிருந்து ஹார்பர் லைன் லோக்கல் வண்டியில் வந்து செம்பூரில் இறங்கும்போது பின்னால் இருந்து ஒரு தள்ளு. பிளாட்பாரம் மழையில் சொதசொதவென்று இருந்தது. வலது கால் ஊன்றியபடி நின்றுவிட்டது, உடம்பு மட்டும் திரும்பிவிட்டது. முட்டி உள்பக்கமாக ஒருமுறை மடங்கி நிமிர்ந்தது. உள்பக்கம் சுருக்கென்று ஒரு வலி. 'டக்' என்று எந்தச் சத்தமும் கேட்கவில்லை. நொண்டி நொண்டி வீடு வரைக்கும் நடந்தே போனேன். ராத்திரி வீக்கம் இல்லை. மறுநாள் காலையில் லேசாக உப்பியிருந்தது. இதையெல்லாம் இவ்வளவு நுணுக்கமாகச் சொல்வதற்குக் காரணம், இரண்டு வாரம் கழித்து என் காலை அறுவை சிகிச்சையிலிருந்து காப்பாற்றியதே இந்த விவரங்கள்தான். கால் எந்தப் பக்கம் திரும்பியது, சத்தம் கேட்டதா, அடுத்து நடக்க முடிந்ததா, வீக்கம் எத்தனை மணி நேரத்தில் வந்தது என்பதை அன்றைக்கே ஒரு தாளில் எழுதி வையுங்கள். ஒரு வாரம் போனால் நமக்கே குழம்பிவிடும்.

மூன்றாம் நாள் பக்கத்துக் கிளினிக்கில் காட்டினேன். கூட்டம் அதிகம். டாக்டர் தான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்தே முட்டியைப் பார்த்தார், சல்வாரை மேலே ஏற்றச் சொல்லக்கூட இல்லை. வலி மாத்திரை ஐந்து நாளைக்கு எழுதினார், அப்புறம் ஒரு சீட்டில் 'எம்.ஆர்.ஐ. முழங்கால்' என்று எழுதி, ஒரு ஸ்கேன் சென்டரின் கூப்பனையும் சேர்த்துக் கையில் கொடுத்தார். வலதா இடதா என்று எழுதவில்லை, எப்படி அடிபட்டது, எங்கே வலி, என்ன சந்தேகம் என்று எதுவும் இல்லை. எனக்கு அது தவறாகவே தோன்றவில்லை. பெரிய மிஷின், அதுவே எல்லாவற்றையும் கண்டுபிடித்துச் சொல்லிவிடும் என்றுதான் நினைத்தேன். அது எவ்வளவு பெரிய தப்பு என்று இப்போது தெரிகிறது. ஸ்கேனைப் படித்து ரிப்போர்ட் எழுதும் ரேடியாலஜிஸ்ட் நம்மைப் பார்ப்பதே இல்லை. அவருக்கு நம்மைப் பற்றித் தெரிவதெல்லாம் அந்தச் சீட்டில் இருக்கும் இரண்டு வரிதான். அந்த இரண்டு வரி இல்லையென்றால், படத்தில் கண்ணில் பட்டதையெல்லாம் எழுதிவிடுவார். எது புதுசு, எது வயதால் வந்தது, எது வலிக்குக் காரணம் என்று பிரித்துச் சொல்ல அவரிடம் ஆதாரம் இல்லை. அதனால் சீட்டைக் கையில் வாங்கியதும் அங்கேயே நின்று, "டாக்டர், எந்தக் கால், எப்போ அடிபட்டது, எதைச் சந்தேகப்படறீங்கன்னு எழுதிக் கொடுங்க" என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாகத்தான் இருக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

கூப்பன் சென்டரில் 6,500 ரூபாய் ஸ்கேனைக் கழிவு போக 4,000-க்கு எடுப்பதாகச் சொன்னார்கள். "ஓப்பன் மிஷின் மேடம், குகை மாதிரி இருக்காது, பயமே வேண்டாம்" என்று ரிசப்ஷன் பெண் சொன்னபோது எனக்கு அது வரமாகவே பட்டது. கூடவே, "கான்ட்ராஸ்ட் ஊசி போட்டா இன்னும் தெளிவா வரும், 2,500 எக்ஸ்ட்ரா" என்றாள். சீட்டில் எழுதவில்லையே என்று கேட்டதும் விட்டுவிட்டாள். ஜவ்வு, எலும்பு, மெனிஸ்கஸ் (முட்டிக்குள் மெத்தை மாதிரி இருக்கும் குருத்தெலும்பு) எல்லாம் பார்ப்பதற்கு வழக்கமாக அந்த ஊசி தேவையில்லை என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். கிருமித் தொற்று, கட்டி, முடக்குவாதத்தில் மூட்டின் உள்சவ்வு வீங்கியிருப்பது போன்ற சந்தேகங்கள் இருந்தால்தான் பெரும்பாலும் போடுகிறார்கள். அதில் இருப்பது கடோலினியம் என்ற உலோகத்தைச் சேர்த்த மருந்து. சிறுநீரகக் கோளாறு இருப்பவர்களும் கர்ப்பிணிகளும் கட்டாயம் முன்னாலேயே சொல்லிவிட வேண்டும். டாக்டர் எழுதாத ஊசிக்கு ரிசப்ஷனில் சம்மதம் சொல்லாதீர்கள்.

அன்றைக்கு நான் புடவை கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஊக்கு, ரவிக்கைக் கொக்கி, கொண்டை ஊசி, தோடு, மெட்டி, வளையல், தாலி என ஒவ்வொன்றாகக் கழற்ற அரைமணி நேரம். மூக்குத்திதான் வரவே இல்லை. கல்யாணத்துக்கு முன்னால் ஊரில் ஆசாரி போட்ட திருகு மூக்குத்தி, உள்ளே திருகு இறுகிப்போயிருந்தது. அங்கே பாத்ரூமில் சோப்புப் போட்டு நானே திருகித் திருகி ரத்தம் வந்துவிட்டது. கடைசியில் அந்த டெக்னீஷியன் சலித்துக்கொண்டு அதன் மேல் ஒரு பிளாஸ்திரியை ஒட்டி உள்ளே அனுப்பினார். எம்.ஆர்.ஐ. மிஷினே ஒரு பெரிய காந்தம். சுத்தத் தங்கமும் வெள்ளியும் அதில் இழுபடாதுதான். ஆனால் கலப்பு உலோகத்திலும் திருகிலும் என்ன இருக்கிறது என்று பார்த்துச் சொல்ல முடியாது. இழுபடாத உலோகம்கூடச் சூடாகித் தோலைச் சுடலாம், படத்தையும் கெடுக்கலாம். இரண்டாவது முறைக்கு முதல் நாள் மாட்டுங்காவில் ஒரு நகைக்கடையில் கொடுத்தேன், இரண்டே நிமிஷத்தில் கழற்றிவிட்டார்கள். மெட்டியும் அப்படித்தான், இறுகியிருந்தால் வீட்டிலேயே எண்ணெய் தடவிக் கழற்றிவிட்டுப் போங்கள். கொக்கியோ ஜிப்போ இல்லாத, நாடா கட்டிய பருத்தி உடை போதும். நகையை வீட்டிலேயே வைத்துவிடுவது எல்லாவற்றுக்கும் நல்லது.

உலோகம் விஷயத்தில் அவர்கள் கெடுபிடி செய்தால் கோபப்படாதீர்கள். அந்தக் காந்தத்துக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. ஸ்கேன் நடக்காதபோதும், ராத்திரியிலும், அது இழுத்துக்கொண்டேதான் இருக்கும். சாதாரணமாக மருத்துவமனைகளில் இருக்கும் 1.5 டெஸ்லா (காந்த பலத்தை அளக்கும் அலகு) மிஷினின் காந்தம் பூமியின் காந்தப் புலத்தைப் போல சுமார் 30,000 மடங்கு. 2018 ஜனவரியில் இதே மும்பையில், நோயாளியான உறவினருக்குத் துணையாக வந்த ஓர் இளைஞர் கையில் ஆக்சிஜன் சிலிண்டரோடு ஸ்கேன் அறைக்குள் போய், காந்தம் இழுத்து இறந்தே போனார். அதனால் நோயாளிக்கு மட்டும் இல்லை, கூட உள்ளே வருகிறவர்களுக்கும் இந்த விதி எல்லாம் உண்டு. பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த காக்ளியர் கருவி, மூளை ரத்தக்குழாயில் போட்ட கிளிப், வெல்டிங், லேத் வேலையில் கண்ணில் தெறித்த இரும்புத் தூள் இதில் எது இருந்தாலும் படிவத்தில் எழுதுவதோடு நிறுத்தாமல் வாயாலும் சொல்லுங்கள். முன்பு எலும்பு முறிவுக்கு வைத்த பிளேட், ஸ்குரூ இருந்தால் அந்த டிஸ்சார்ஜ் தாளை எடுத்துப் போங்கள். டைட்டானியமாக இருந்தால் பெரும்பாலும் தடையில்லை, ஆனால் அதைச் சுற்றி இருக்கும் இடம் படத்தில் கறுப்பாக மறைந்துபோகலாம்.

அந்த முதல் ஸ்கேன் 40 நிமிஷத்துக்கு மேல் போனது. முட்டியை நீட்டி வைக்கச் சொன்னார்கள். எனக்கு முழுசாக நீட்டினால்தான் வலியே. கீழே முட்டுக் கொடுக்க எதுவும் வைக்கவில்லை. "ஹில்னா மத், ஹில்னா மத்" (அசையாதீங்க) என்று ஸ்பீக்கரில் குரல் மட்டும் வந்துகொண்டிருந்தது. பத்து நிமிஷம் தாங்கினேன், அப்புறம் தொடை தானாகவே துடிக்க ஆரம்பித்துவிட்டது. ஏ.சி. குளிர் வேறு. இரண்டு மூன்று முறை கால் அசைந்தது எனக்கே தெரியும். வெளியே வந்ததும், "அசைஞ்சிட்டேன், படம் சரியா வந்திருக்கா?" என்று கேட்டேன். வந்திருக்கிறது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

ராத்திரி ஒன்பதரைக்கு ரிப்போர்ட் வாட்ஸ்அப்பில் வந்தது. ஒரு பக்கத்தில் ஏழு குறைகள். மெனிஸ்கஸ் பின்பகுதியில் மூன்றாம் நிலைக் கிழிசல், ஏ.சி.எல். (மூட்டுக்கு நடுவே இருக்கும் முன் ஜவ்வு) பாதி கிழிந்திருக்கலாம், சில்லு எலும்பின் குருத்தெலும்பு தேய்மானம், முட்டிக்குப் பின்னால் நீர்க்கட்டி, மூட்டில் நீர் கோத்திருக்கிறது, இன்னும் என்னென்னவோ. ஒவ்வொரு வார்த்தையையும் இணையத்தில் தேடிக்கொண்டு விடியற்காலை நாலு மணி வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். இனி லோக்கல் வண்டியில் ஏற முடியாது, வேலை போய்விடும், பையன் ஃபீஸ் என்ன ஆகும் என்று மனசு எங்கெங்கோ ஓடியது. பஹ்ரைனுக்குப் போன் செய்தால் அவர் அங்கே தவிப்பார் என்று சொல்லவில்லை. தயவுசெய்து ரிப்போர்ட்டை ராத்திரியில் தனியாகப் படிக்காதீர்கள். இதை அனுபவித்துச் சொல்கிறேன்.

எட்டாவது நாள், கூப்பன் கொடுத்தவரே சொன்ன ஓர் எலும்பு சர்ஜனிடம் போனேன். 1,200 ரூபாய் கட்டணம். ரிப்போர்ட்டை மட்டும் படித்தார், ஃபிலிமை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. "ரெண்டு ஜவ்வும் போயிருக்கு, கீ ஹோல் ஆபரேஷன் பண்ணிடலாம், லேட் பண்ணினா மூட்டே தேய்ஞ்சிடும்" என்றார். பேக்கேஜ் 1,80,000. ஆறு நிமிஷத்தில் வெளியே வந்துவிட்டேன். கவுன்டரில் அட்வான்ஸ் 25,000, ஆபரேஷனுக்கு முந்தைய ரத்தப் பரிசோதனைகளுக்கு 3,800. பயத்தில் அங்கேயே கார்டைத் தேய்த்தேன். அங்கே இன்ஷூரன்ஸ் டெஸ்க்கில் இருந்தவர் இன்னொரு யோசனையும் சொன்னார்: ஒரு நாள் அட்மிட் ஆகிவிட்டால் ஸ்கேன் செலவையும் பாலிசியில் வாங்கிவிடலாமாம். வீட்டுக்கு வந்து பாலிசித் தாளை எடுத்து விலக்குகள் பகுதியைப் படித்தேன். பரிசோதனைக்காக மட்டுமே அட்மிட் ஆனால் பணம் கிடையாது என்று தெளிவாக எழுதியிருந்தது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. வகுத்த பொதுவான விலக்குகளில் அதுவும் ஒன்று, எக்ஸ்குளூஷன் 04 என்று குறித்திருப்பார்கள். உண்மையாகவே சிகிச்சைக்கு அட்மிட் ஆனால், அதற்கு முந்தைய குறிப்பிட்ட நாட்களில் அதே நோய்க்காக எடுத்த ஸ்கேன் பில்லைக் கோரலாம். பல பாலிசிகளில் அது 30 நாள். அதனால் பில்லையும் சீட்டையும் பத்திரமாக வையுங்கள், பொய் அட்மிஷனுக்கு மட்டும் தலையாட்டாதீர்கள்.

ஆபரேஷனுக்கு மூன்று நாள் இருக்கும்போது எங்கள் மாடியில் இருக்கும் ஓய்வுபெற்ற நர்ஸ் அக்கா ரசம் கொண்டுவந்து கொடுத்தார். தூத்துக்குடிக்காரர், முப்பது வருஷத்துக்கு மேல் வார்டில் வேலை பார்த்தவர். நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் ரிப்போர்ட்டைப் பார்க்கவே இல்லை. "ரிப்போர்ட் கிடக்கட்டும்மா. டாக்டர் உன் காலைத் தொட்டுப் பார்த்தாரா?" என்று கேட்டார். யோசித்துப் பார்த்தேன். கிளினிக் டாக்டர் தொடவில்லை, ஸ்கேன் எடுத்தவர் பெல்ட் மாட்டத்தான் தொட்டார், சர்ஜனும் தொடவில்லை. அடிபட்ட நாளிலிருந்து பதின்மூன்று நாளில் ஒரு மருத்துவர்கூட என் முட்டியைத் தொடவில்லை. அக்கா அப்போதே போனை எடுத்து, தனக்குத் தெரிந்த இன்னொரு மூட்டு டாக்டரிடம் மறுநாளுக்கு நேரம் வாங்கிக் கொடுத்தார்.

அந்த டாக்டர் அறைக்குள் போனதும் ரிப்போர்ட்டை நீட்டினேன். "அது அப்புறம். முதல்ல படுங்க" என்றார். இரண்டு காலையும் தொடை வரைக்கும் திறக்கச் சொல்லி, முதலில் நல்ல காலைச் சோதித்தார். உங்கள் மூட்டின் இயல்பு என்ன என்று தெரிந்தால்தான் அடிபட்டதை ஒப்பிட முடியும் என்றார். அடிபட்ட முட்டியைக் கொஞ்சமாக மடக்கி, ஒரு கையால் தொடையைப் பிடித்து, இன்னொரு கையால் கால் எலும்பை முன்னால் இழுத்தார். இழுத்த இடத்தில் கெட்டியாக நின்றது. "பாருங்க, இழுத்தா நிக்குது. ஏ.சி.எல். போயிருந்தா இப்படி நிக்காது." பிறகு காலைப் பக்கவாட்டில் தள்ளியபோது உள்பக்கம் உயிர் போனது. மூட்டுக் கோடு நெடுக விரலால் ஒவ்வோர் அங்குலமாக அழுத்திப் பார்த்தார். சத்தம் கேட்டதா, வீக்கம் எப்போது வந்தது, முட்டி நடுவில் பூட்டிக்கொண்டு நிமிர முடியாமல் போகிறதா, படியில் இறங்கும்போது நழுவி விடுகிறதா என்று கேட்டார். ஏ.சி.எல். முழுசாகக் கிழிந்தால் பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்திலேயே ரத்தம் கட்டி முட்டி பலூன் மாதிரி ஆகிவிடுமாம், எனக்கு மறுநாள்தான் லேசான வீக்கம். அந்தச் சோதனை மட்டும் பதினைந்து நிமிஷம். கட்டணம் 1,500 ரூபாய். நான் செலவழித்ததிலேயே உருப்படியான பணம் அதுதான்.

அதற்கப்புறம்தான் ஃபிலிமை விளக்குப் பெட்டியில் மாட்டினார். ஓரங்களில் நிழல் நிழலாக இரட்டைக் கோடு விழுந்திருந்ததைக் காட்டினார். நான் அசைந்ததன் அடையாளம். ஓரத்தில் 0.3 டெஸ்லா என்று பொடி எழுத்தில் இருந்தது. ஓப்பன் மிஷினில் காந்தம் பலம் குறைவு, நல்ல படம் வேண்டுமானால் அதிக நேரம் எடுக்கும், நேரம் நீண்டால் வலிக்கிற கால் அசையும். உடம்பு பருத்தவர்களுக்கும் மூடிய இடத்தில் மூச்சுத் திணறுகிறவர்களுக்கும் அது தேவைதான், குறை சொல்ல முடியாது. ஆனால் மெல்லிய ஜவ்வுகளைப் பார்க்க 1.5 டெஸ்லாவாவது இருந்தால் நல்லது, 3 டெஸ்லா கட்டாயமில்லை என்றார். முதலில் நின்றபடி இரண்டு முட்டிக்கும் எக்ஸ்ரே எடுக்கச் சொன்னார், 900 ரூபாய். உடல் எடை இறங்கும்போது எலும்புகளுக்கு நடுவே இடைவெளி எவ்வளவு இருக்கிறது என்பதைப் படுத்து எடுக்கும் எம்.ஆர்.ஐ.யைவிட அந்த எக்ஸ்ரே நன்றாகக் காட்டுமாம். நாற்பதைத் தாண்டியவர்களுக்குத் தேய்மானமா என்று பார்க்க அதுவே முதல் படி. எனக்கு இடைவெளி நன்றாகவே இருந்தது. மறு ஸ்கேனுக்கான சீட்டில் அவர் எழுதியதைப் பாருங்கள்: வலது முழங்கால், 14 நாள் முன்பு முறுக்கிக்கொண்டது, உள்பக்க ஜவ்வுச் சுளுக்கு என்று சந்தேகம், ஏ.சி.எல். கைச்சோதனையில் உறுதியாக இருக்கிறது, எலும்புக்குள் அடிபட்டிருக்கிறதா, மெனிஸ்கஸ் எப்படி. அதே மிஷினாக இருந்தால்கூடப் படிக்கிறவருக்கு இந்தச் சீட்டு எவ்வளவு உதவும்!

இரண்டாவது சென்டரில் 8,000 ரூபாய். டெக்னீஷியன் தாராவிப் பையன், பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். என் கழுத்து மஞ்சள் கயிற்றைப் பார்த்ததும், "நல்ல வேலை பண்ணீங்கக்கா, இங்க தெனம் ரெண்டு பேராவது இதுக்கு அழுவாங்க" என்றான். முதலில் பாத்ரூம் போய்விட்டு வரச் சொன்னான். கால்தான் முதலில் உள்ளே போகும், தலை வாசல் பக்கமே இருக்கும் என்று காட்டினான். அதுவரைக்கும் குகைக்குள் முகம் போகும் என்று பயந்துதான் ஓப்பன் மிஷின் தேடினேன், முட்டிக்கு அந்தப் பயமே தேவையில்லை. முட்டியைச் சுற்றி ஒரு கூடு மாதிரி இருக்கும் 'காயில்' என்ற கருவியை மாட்டி, வலிக்கிறதா என்று கேட்டு, லேசாக மடங்கியிருக்கும்படி ஒரு துண்டைச் சுருட்டிக் கீழே வைத்தான். பாதத்தின் இரண்டு பக்கமும் மணல் பை. மேலே கம்பளி. காதுக்கு அடைப்பு, கையில் ஒரு ரப்பர் பந்து, முடியவில்லை என்றால் அழுத்தலாம். டக் டக் டக் என்று ஆணி அடிக்கிற மாதிரி ஒரு சத்தம், அப்புறம் ஹாரன் அமுக்கிப் பிடித்த மாதிரி ஒன்று, நடுவில் அமைதி. அமைதியாக இருக்கும்போதும் அசையக் கூடாது, அடுத்த படத்துக்குத்தான் தயாராகிறது என்று முன்னாலேயே சொல்லியிருந்தான். 25 நிமிஷத்தில் முடிந்தது. இதில் கதிர்வீச்சுப் பயம் கிடையாது. எக்ஸ்ரேயோ சி.டி. ஸ்கேனோ மாதிரி இல்லை, காந்தமும் ரேடியோ அலையும் சேர்ந்து உடம்பில் இருக்கிற தண்ணீரையும் கொழுப்பையும் வைத்துப் படம் வரைகிறது. அதனால்தான் எக்ஸ்ரேயில் தெரியாத ஜவ்வும் எலும்பின் உள் ஈரமும் இதில் தெரிகின்றன. கிளம்பும்போது ஃபிலிமோடு சி.டி.யையும் கேட்டு வாங்கினேன். ஃபிலிமில் இருப்பது பொறுக்கி எடுத்த சில படங்கள்தான், சி.டி.யில் எல்லாம் இருக்கும். வேறு ஊர் டாக்டருக்குக் காட்டவும் அதுதான் உதவும்.

மறுநாள் டாக்டர் கம்ப்யூட்டரில் படங்களை ஒவ்வொன்றாக நகர்த்திக் காட்டினார். கறுப்பாக இருந்த தொடை எலும்பின் வெளிப்பக்க நுனியில், பால் சிந்திய மாதிரி ஒரு வெள்ளைத் திட்டு. எலும்புக்குள் கன்றிப்போன இடம். கால் முறுக்கியபோது எலும்பும் எலும்பும் மோதியிருக்கிறது. உள்பக்க ஜவ்வு கிழியவில்லை, ஆனால் ஓரம் வீங்கியிருந்தது. இந்த இரண்டும்தான் என் வலி. 'பாதி கிழிந்த' ஏ.சி.எல். முழுசாக இருந்தது, வாழைத்தண்டு நார் மாதிரி கோடு கோடாகத் தடித்திருந்தது. வயதாக ஆகச் சிலருக்கு அப்படி ஆகும், மங்கலான படத்தில் கிழிசல் மாதிரியே தெரியும் என்றார். மெனிஸ்கஸில் இருந்த வெள்ளைக் கோடு உள்ளுக்குள்ளேயே நின்றுவிட்டது, மேற்பரப்பைத் தொடவில்லை. ரிப்போர்ட்டில் முதல் நிலை, இரண்டாம் நிலை என்று போட்டிருந்தால் அது கிழிசல் இல்லை. கோடு மேற்பரப்பைத் தொட்டால்தான் மூன்றாம் நிலை, அதைத்தான் கிழிசல் என்கிறார்கள். இந்த ஒரு வித்தியாசம் தெரியாமல் எத்தனை பேர் தூக்கம் கெட்டுக் கிடக்கிறார்களோ!

அப்படிக் கிழிசலே இருந்தாலும் உடனே கத்தி வைக்க வேண்டும் என்றில்லை என்று அவர் சொன்ன இரண்டு ஆராய்ச்சிகளைப் பிறகு நானும் தேடிப் படித்தேன். அமெரிக்காவின் ஃப்ரேமிங்ஹாம் ஊரில் 50 வயதுக்கு மேற்பட்ட 991 பேருக்கு முழங்கால் எம்.ஆர்.ஐ. எடுத்து 2008-ல் வெளியிட்டிருக்கிறார்கள். மெனிஸ்கஸ் கிழிந்திருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு முந்தைய ஒரு மாதத்தில் முட்டி வலியே இல்லை. 2013-ல் வெளியான பின்லாந்து ஆய்வில் 146 பேர். எல்லோருக்கும் வயதால் வந்த மெனிஸ்கஸ் கிழிசல், தேய்மானம் இல்லை. பாதிப் பேருக்கு உண்மையாகவே கிழிந்ததை வெட்டி எடுத்தார்கள், பாதிப் பேருக்கு ஆபரேஷன் மாதிரி செய்துவிட்டு வெட்டாமல் விட்டார்கள். ஒரு வருஷம் கழித்து இரண்டு கூட்டத்துக்கும் வித்தியாசம் இல்லை. இதை வைத்து ஆபரேஷனே வேண்டாம் என்று யாரும் முடிவு கட்டிவிடாதீர்கள். முட்டி மடங்கிப் பூட்டிக்கொண்டு நிமிரவே முடியாமல் போனால் அது அவசரம். ஏ.சி.எல். போய், நடக்கும்போது கால் நழுவி நழுவி விழுகிறவர்களுக்கு ஆபரேஷன் தேவைப்படலாம். அதை முடிவு செய்ய வேண்டியது முட்டியைத் தொட்டுப் பார்த்த டாக்டர், வெறும் ரிப்போர்ட்டைப் பார்த்தவர் இல்லை.

ஆறு வாரம் முட்டிப் பட்டை, 20 முறை பிசியோதெரபி, தடவைக்கு 700 ரூபாய். எலும்புக்குள் இருக்கும் கன்றல் ஆற மாதக்கணக்கில் ஆகும், வலி மெதுவாகத்தான் குறையும் என்று முன்னாலேயே சொல்லியிருந்ததால் பதற்றம் இல்லை. அட்வான்ஸைத் திருப்பி வாங்கத்தான் அதைவிடக் கஷ்டப்பட்டேன். வாய்ப்பேச்சில் இழுத்தடித்தார்கள். மூன்றாவது முறை போனபோது எழுத்தில் கொடுத்து, ஒரு நகலில் தேதியோடு சீல் வாங்கினேன். என் ரிப்போர்ட், ரத்தப் பரிசோதனைத் தாள்களையும் அதிலேயே கேட்டேன். நோயாளி கேட்டால் 72 மணி நேரத்துக்குள் ஆவணங்களைக் கொடுக்க வேண்டும் என்று 2002-ஆம் ஆண்டின் மருத்துவ நெறிமுறை விதிகளில் இருக்கிறது, அதைக் குறிப்பிட்டதும் தாள்கள் மறுநாளே வந்தன. நோயாளியை அனுப்புவதற்கு டாக்டர் கமிஷன் வாங்கக் கூடாது என்பதும் அதே விதிகளில் இருக்கிறது. இப்போது கூப்பனைப் பார்த்தாலே எனக்கு நெஞ்சு கசக்கிறது. பணம் ஏழு வாரம் கழித்து 3,500 பிடித்துக்கொண்டு 21,500 வந்தது. முதல் ஸ்கேன், சர்ஜன் கட்டணம், ரத்தப் பரிசோதனை, இந்தப் பிடித்தம் எல்லாம் சேர்த்து 12,500 ரூபாய் வீண். சம்பளம் இல்லாத விடுப்பு எட்டு நாள். அந்தப் பதின்மூன்று ராத்திரிகளுக்குக் கணக்கு போட எனக்குத் தெரியவில்லை.

இப்போது நவம்பர். லோக்கலில் ஏறி இறங்குகிறேன், கூட்டம் குறைகிற வரைக்கும் ஒரு வண்டியை விட்டு அடுத்ததில் போகிறேன். சேடா நகர் முருகன் கோயில் படிகளில் போன வாரம் பாதி வரைக்கும் ஏறினேன், உள்பக்கம் கொஞ்சம் இழுத்ததும் அங்கேயே உட்கார்ந்து கும்பிட்டுவிட்டு இறங்கிவிட்டேன். பிசியோ சொன்னபடி தினமும் காலையிலும் ராத்திரியிலும் தொடைத் தசைக்கான பயிற்சி நடக்கிறது. குந்த மட்டும் இன்னும் முடியவில்லை, வாசலில் கோலம் ஸ்டூலில் உட்கார்ந்துதான் போடுகிறேன்.